திருகோணமலையில் கார் எடுப்பதென்றால்: அக்வாவா, லீஃபா, புது மின்சாரக் காரா?

கேள்வி இதுதான். கேட்டவர் உப்புவெளியில் குடியிருக்கும் ஆசிரியர். பாடசாலை கிண்ணியாவில், போக வர ஏறத்தாழ 45 கிலோமீற்றர். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று வீட்டில் ஐந்து பேர். அம்மாவின் கிளினிக்குக்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொழும்புக்குப் போக வேண்டும். கந்தளாயில் 2014ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா ஒன்றை, பெற்றோலும் பற்றறியும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் கார், பார்த்து வைத்திருக்கிறார். மச்சான், "இனிமேல் பெற்றோல் காரே வேண்டாம், ஒரு லீஃப் எடுங்கோ" என்று நிசானின் மின்சாரக் காரைச் சொல்கிறாராம். மனைவிக்கு, லீசிங் போட்டாவது சீனாவின் பிவைடி மின்சாரக் கார் ஒன்றைப் புதிதாக எடுக்க விருப்பம். எந்த பிராண்டை நம்பலாம், மின்சாரத்துக்கு மாற இது சரியான நேரமா என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் நம்பிக்கை என்பதைப் பற்றிச் சொல்கிறேன். பழுதாகாத கார் என்று ஒன்று கிடையாது. பழுதான அன்று, அனுராதபுரச் சந்தியைத் தாண்டாமல் அதைச் சரிக்கட்ட ஆள் இருக்கிறாரா, சாமான் இரவு பஸ்ஸில் வந்து சேருமா என்பதுதான் திருகோணமலையில் ஒரு காரின் நம்பிக்கை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் எடுக்கிற தரவரிசைகளில் முதலிடம் பிடித்த கார் என்றாலும், அதன் ஒரு சென்சருக்காக இரண்டு கிழமை வீட்டு வாசலில் நிற்குமென்றால் உங்களுக்கு அதனால் பிரயோசனம் இல்லை. டொயோட்டாவுக்கு இங்கே இவ்வளவு மரியாதை இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். கொழும்பில் வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் காலையில் சொன்னால் அக்வாவின் எந்தப் பாகமும், புதிதோ கழற்றியதோ, மறுநாள் விடிய பஸ் நிலையத்தில் இருக்கும். அதைப் பூட்டத் தெரிந்தவர்களும் ஊரில் இருக்கிறார்கள்.

அக்வாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கை அதன் பக்கம்தான் நீண்டிருக்கிறது. 2011 டிசம்பரில் ஜப்பானில் வந்த கார் இது. 1.5 லீற்றர் எஞ்சின், பின் சீற்றுக்குக் கீழே நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பற்றறி. அந்தப் பற்றறிக்குள் 20 மொடியூல்கள் (கராஜில் 'செல்' என்பது இவற்றைத்தான்), ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 144 வோல்ட். கியர்பொக்ஸ் என்று பார்த்தால் பெல்ட்டோ கிளட்சோ இல்லாத எளிய அமைப்பு, அதில் கோளாறு வருவது அரிது. காசு போகும் இடங்கள் இரண்டு. ஒன்று பற்றறி, மற்றது பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் பம்ப் தொகுதியான பிரேக் அக்சுவேற்றர்.

பற்றறி சாவதற்கு வயது மட்டும் காரணமில்லை, சூடும் சேர்ந்துதான் கொல்கிறது. அதைக் குளிராக்க ஒரு சிறிய விசிறி இருக்கிறது. காருக்குள் இருக்கும் காற்றைப் பின் சீற்றின் அடிப்பக்கத்துச் சல்லடை வழியாக அது உறிஞ்சும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பிள்ளைகள் கடற்கரை மணலோடு காரில் ஏறுவார்கள். அந்த மணலும் சீற்றுப் பஞ்சும் நாய்முடியும் சேர்ந்து சல்லடையை அடைக்கும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் என்னும் சூடான தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் வெயிலில் நின்ற கார், அடைத்த விசிறி என்றால் பற்றறிக்கு மூச்சு விட வழியில்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது அந்த விசிறியைக் கழற்றித் துடைக்க வேண்டும். பெரிய செலவில்லை, ஆனால் இதைச் செய்யும் சொந்தக்காரர் மிகக் குறைவு.

பற்றறி போய்விட்டால், "ஒரு செல்தான் போயிருக்கு, அதை மட்டும் மாத்தலாம்" என்று சொல்வார்கள். மலிவாக முடியும். ஆனால் பழைய பத்தொன்பதோடு ஒரு புதியதைச் சேர்த்தால் வலு சமப்படாது, சில மாதத்தில் அடுத்தது விழும். காரை விற்கப் போகிறவர்களுக்குத்தான் அந்த வேலை பொருந்தும், வைத்திருந்து ஓடப் போகிறவர்களுக்கு அல்ல. ஆகவே கந்தளாய்க் காரைப் பார்க்கப் போகும்போது, காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றைக் குத்தி டொக்டர் பிரியஸ் போன்ற செயலியில் பற்றறியின் வோல்ட்டளவைப் பகுதி பகுதியாகப் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். நின்ற இடத்தில் பார்த்தால் போதாது. ஏசி போட்டு அரைமணி நேரம் ஓடிவிட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் நல்லது. ஒன்றிரண்டு மட்டும் தனியாகத் துள்ளினால் விலை பேசும்போது புதுப் பற்றறியின் விலையைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். பிரேக் அக்சுவேற்றரைச் சோதிக்கச் செலவே இல்லை. காரை ஒன் பண்ணி வைத்து, பிரேக்கை மிதிக்காமல் காது கொடுங்கள். பம்ப் சத்தம் சில செக்கனுக்கு ஒருதரம் வந்துகொண்டே இருந்தால் உள்ளே அழுத்தம் கசிகிறது என்று அர்த்தம்.

ஹொண்டாவை ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன், ஆனால் எந்த வருடத்து ஹொண்டா என்று பார்க்க வேண்டும். 2013இல் வந்த ஃபிட் ஹைபிரிட், நாங்கள் ஜீபி5 என்று சொல்வது, அதன் பிறகு வந்த வெசல், கிரேஸ் ஹைபிரிட்கள் எல்லாவற்றிலும் இருப்பது ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் கியர்பொக்ஸ். ஓட்டுவதற்கு அருமையான கார்கள், அக்வாவைவிட இடமும் இழுவையும் கூட. ஆனால் அந்த ஃபிட் ஹைபிரிட்டை ஜப்பானில் ஒரு வருடத்துக்குள்ளேயே ஐந்து தடவை திருப்பி அழைத்துத் திருத்த வேண்டி வந்தது, அதில் பல தடவை கியர்பொக்ஸின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக. பிறகு நிறையச் சரி செய்தார்கள். என்றாலும் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓடிய காரில் கிளட்ச் தேய்ந்திருக்கும். அதைச் சரியாகப் பழக்கிப் பூட்ட ஸ்கேனர் வேண்டும், அனுபவம் வேண்டும். கொழும்பில் இருக்கிறவர் எடுத்தால் நான் மறுப்புச் சொல்லமாட்டேன். நீங்கள் உப்புவெளியில் இருக்கிறீர்கள். 2020க்குப் பிறகு வந்த ஃபிட்டிலும் 2021க்குப் பிறகு வந்த வெசலிலும் இந்தக் கியர்பொக்ஸே இல்லை, அமைப்பை முழுதாக மாற்றிவிட்டார்கள். அவை வேறு கதை, வேறு விலை.

சுசுகி வேகன் ஆர் உங்களுக்குச் சரிவராது. 660 சீசீ, சிக்கனம், சாமான் மலிவு, நகரத்துக்குள் நிறுத்த வசதி என்று எல்லாம் உண்மைதான். ஆனால் அது நான்கு பேருக்கான கார். பின்னால் இரண்டு சீற் பெல்ட்தான் இருக்கும். ஐந்து பேரோடு ஹபரணைப் பாதையில் ஒரு லொறியை முந்தப் போகும்போது அதற்கு வலு காணாது. பெரொடுவா அக்ஸியா, மாருதி ஓல்ட்டோ எல்லாம் முதல் கார் எடுக்கிற சிறு குடும்பத்துக்கு நல்லவை, ஊர் கராஜில் எவரும் கைவைப்பார். ஐரோப்பியக் கார்களைப் பற்றி இங்கே பேசத் தேவையில்லை.

இனி மச்சான் சொல்லும் லீஃப்.

2022ஐ மறக்காதவர்கள் எல்லோருக்கும் மின்சாரக் கார்மேல் ஒரு ஆசை இருக்கும், அதில் நியாயமும் இருக்கிறது. பிரித்தானியர் காலத்து 99 எண்ணெய்த் தாங்கிகள் சீனக்குடாவில் நிற்க, அதே ஊர் மக்கள் பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் கிடந்தார்கள். அந்த ஜூனில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். அந்த நேரத்தில் லீஃப் வைத்திருந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று எல்லோரும் சொன்னோம். ஆனால் அதே வருடம் மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பெற்றோலும் மின்சாரமும் ஒரே டொலர்ப் பஞ்சத்தால்தான் விழுந்தன. கூரையில் சூரிய மின்தகடு இருந்தால் நிலைமை கொஞ்சம் மாறும். அப்போதும் கவனியுங்கள்: சாதாரண இணைப்பில், கரண்ட் போனால் தகடும் நின்றுவிடும். மின்வெட்டிலும் வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் பற்றறியும் தனியாகப் போட வேண்டும்.

லீஃபின் பிரச்சினை வேறு. 2010 கடைசியில் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை லீஃபில் 24 கிலோவாட்மணிப் பற்றறி. வரி குறைவாக இருந்த 2014, 2015 காலத்தில் இலங்கைக்கு வந்தவை பெரும்பாலும் அவைதான், பிறகு 30 கிலோவாட்மணி சிலது வந்தன. இந்தக் கார்களின் பற்றறிக்கு நீரால் குளிராக்கும் வசதியோ விசிறியோ கிடையாது. அடியில் பூட்டிய பெட்டியில் சூடு தானாக ஆறினால்தான் உண்டு. ஜப்பானில் பனி பெய்யும் ஊருக்கு அது போதும். கச்சான் அடிக்கும் திருகோணமலைத் தாரோடு அது எப்படி நிற்கும்? பத்து வருடம் ஓடிய லீஃபைத் திறந்தால் மீற்றரின் ஓரத்தில் பற்றறியின் கொள்ளளவைக் காட்டும் 12 பாருக்குப் (கோட்டுக்கு) பதிலாக எட்டோ ஏழோதான் நிற்கும். எட்டு பார் என்றால் பற்றறியில் மூன்றில் இரண்டு பங்குதான் மிச்சம். ஏசி போட்டு, கொஞ்சம் மிச்சமும் வைத்து ஓடினால் 80 கிலோமீற்றர் அளவுதான் நம்பலாம். திருகோணமலையிலிருந்து ஹபரணைக்கே 85 கிலோமீற்றர் வரும். யானை கடக்கும் காட்டுப் பாதையில், பொழுது சாய, ஐந்து சதவீதம் மிச்சத்தோடு அம்மாவை வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

அப்படியானால் பழைய லீஃப் யாருக்கு? உவர்மலையில் வீடு, நகரத்துக்குள் அலுவலகம், வீட்டில் இன்னொரு வாகனம், நிழலான கார்ச்சாலை. அப்படிப்பட்டவருக்கு அதைவிட அமைதியான, செலவு குறைந்த கார் இல்லை. எண்ணெய் மாற்றுவது இல்லை, பெல்ட் இல்லை, பிரேக் கட்டை கூட மெதுவாகத்தான் தேயும். லீஃப் ஸ்பை செயலியில் பற்றறியின் ஆரோக்கியச் சதவீதத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாறவும் வழியில்லை. உங்கள் அன்றாட 45 கிலோமீற்றரைக்கூட எட்டு பார் லீஃப் தாங்கும். தாங்காதது கொழும்புப் பயணம். வீட்டில் ஒரே ஒரு கார் என்றால் அதுவே முடிவான காரணம். மச்சானிடம் இதைச் சொல்லுங்கள், அவர் கோபிக்கமாட்டார்.

புது மின்சாரக் கார் வேறு இனம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகு சீனக் கார்கள் வரிசையாக வருகின்றன. பிவைடி டொல்பின், அட்டோ 3 இரண்டிலும் இருப்பது லித்தியம் இரும்புப் பொஸ்பேற் பற்றறி. நீரோ வாயுவோ கொண்டு குளிராக்கும் அமைப்பு உண்டு, சூட்டைத் தாங்கும் இரசாயனம், நூறு சதவீதம் வரை சார்ஜ் பண்ணினாலும் பெரிதாகக் கெடாது. லீஃபைப் பார்த்துவிட்டு "கறண்ட் கார் எல்லாம் பத்து வருசத்தில செத்துப்போகும்" என்று சொல்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. தூரக் கணக்கும் மாறுகிறது. கொழும்புக்கு ஏ6 வழியாக 260 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. நூறு கிலோமீற்றருக்கு 16 யூனிட் (யூனிட் என்பது கிலோவாட்மணிதான்) என்று வைத்தால் 42 யூனிட் வேண்டும். 60 கிலோவாட்மணிக் கார் நிற்காமல் போய்ச் சேரும். 45 கிலோவாட்மணிக் கார் குருநாகலில் ஒரு தேத்தண்ணி நேரம் நிற்க வேண்டும். அந்தத் தரிப்பில் இருக்கும் சார்ஜரின் பிளக் உங்கள் காருக்குப் பொருந்துமா என்று வாங்குமுன்பே பாருங்கள். லீஃபுக்கு சடேமோ, முகவர் கொண்டுவரும் புதுக் கார்களுக்குப் பெரும்பாலும் சீசீஎஸ்2, தனியார் நேரே சீனாவிலிருந்து இறக்கும் சில கார்களுக்கு சீன பிளக். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

தனியாருடைய இறக்குமதியில் இன்னொன்றும் இருக்கிறது. பெரும்பாலான கம்பனிகள் பற்றறிக்கு எட்டு வருட உத்தரவாதம் தருகின்றன. அது முகவரிடம் வாங்கிய காருக்குத்தான். நேரே இறக்கிய காருக்கு அந்தக் காகிதம் பெறுமதியில்லாமல் போகலாம். வரியும் இங்கே எஞ்சின் சீசீயைப் போல மோட்டரின் கிலோவாட்டைப் பார்த்துப் போடப்படுகிறது. 2025இல் மோட்டர் 100 கிலோவாட்டா 150 கிலோவாட்டா என்று சுங்கம் சந்தேகப்பட்டு பிவைடி கார்களைத் தடுத்து வைத்ததும், விஷயம் நீதிமன்றம் வரை போய் வங்கி உத்தரவாதத்தின் பேரில் அவை விடுபட்டதும் செய்திகளில் வந்தது. எந்தக் காரானாலும் பதிவுப் புத்தகத்தில் உள்ள கிலோவாட்டும் காரின் தகட்டில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

மனைவியின் விருப்பத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். உங்கள் ஓட்டம் மாதம் 1,000 கிலோமீற்றர் அளவு. பெற்றோல் 300 ரூபா என்று வைத்து, அக்வா லீற்றருக்கு 20 ஓடினால் 15,000 ரூபா. மின்சாரக் காருக்கு சார்ஜ் பண்ணும்போது வீணாவதையும் சேர்த்து 170 யூனிட் போகும். உங்கள் வீட்டுப் பாவனையோடு அது சேர்ந்தால் மாதம் 180 யூனிட்டைத் தாண்டும், அதற்கு மேலே உள்ளதுதான் ஆக உயர்ந்த படி. யூனிட் 60 ரூபா என்று வைத்தாலும் பத்தாயிரம் ரூபா. மிச்சம் மாதம் ஐயாயிரம். புதுக் காருக்குக் கட்டும் லீசிங் தவணையோடு ஒப்பிட்டால் அந்த ஐயாயிரம் எந்த மூலைக்கு? கூரையில் சூரிய மின்தகடு இருந்தாலோ, இரவு 10.30 முதல் காலை 5.30 வரையான குறைந்த கட்டணத்துக்கு நேரவாரி மீற்றர் எடுக்க முடிந்தாலோ மிச்சம் கூடும். மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு, ஹோட்டல் விருந்தினரை நிலாவெளிக்கும் கட்டுநாயக்காவுக்கும் ஏற்றி இறக்குகிறவருக்கு, இன்றைக்கே மின்சாரக் கார் இலாபம். ஆசிரியர் சம்பளத்தில் 1,000 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு அது இன்னும் சில வருடம் பொறுக்கலாம். அதற்குள் பாவித்த பிவைடி, எம்ஜி எல்லாம் இரண்டாம் கைக்கு வரும், ஊர் கராஜ்களும் பழகிவிடும். சம்பூரில் சூரிய மின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் வைத்தார்கள், மின்சாரம் இந்த மாவட்டத்திலேயே வெயிலில் விளையப் போகிறது. மாற்றம் வரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் வீட்டுக் கணக்குக்கு அது இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே என் பதில்: நல்ல அக்வா கிடைத்தால் அக்வா. கந்தளாய்க் கார் நல்லதா என்பது வேறு விஷயம். அதில் இரண்டு இடத்தை மிகவும் கவனமாகப் பாருங்கள்.

ஒன்று உப்பு. நம் கடற்காற்று ஏசி கண்டென்சரையும் அடித்தகட்டையும் பிரேக் குழாயையும் தின்னும். ஜப்பானில் பனி உருக்க வீதியில் உப்புக் கொட்டும் வடக்கு மாகாணங்களிலிருந்து வந்த கார் என்றால் துரு முதலிலேயே ஏறியிருக்கும். காரை லிஃப்ற்றில் தூக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தோசப்படாமல், ஏன் அடித்தார்கள் என்று சுரண்டிப் பாருங்கள்.

மற்றது வெள்ளம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கிழக்குக் கரையில் ஏறியபோது இந்த மாவட்டத்திலும் கீழே மகாவலி ஓரமாகவும் நிறைய வாகனங்கள் தண்ணீருக்குள் நின்றன. அவற்றில் பல கழுவித் துடைத்து, சீற் உறை மாற்றி, வாசனை அடித்து விற்பனைக்கு வந்திருக்கலாம். ஹைபிரிட்டில் இது சாதாரண பெற்றோல் காரைவிட மோசம், ஏனென்றால் பற்றறி பின் சீற்றுக்குக் கீழேதான் இருக்கிறது. சேற்றுத் தண்ணீர் அங்கே ஏறியிருந்தால் செப்புத் தகடுகள் பச்சை பிடிக்கும். இன்றைக்கு ஓடும், ஆறு மாதத்தில் படுத்துவிடும். பின் சீற்றைத் தூக்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். மாற்றுச் சில்லு வைக்கும் பள்ளத்தில் விரலை விட்டுத் தடவுங்கள், மணல் நொறுநொறுத்தால் விட்டுவிடுங்கள்.

முதல் நாள் இரவே விற்கிறவரிடம் சொல்லி வையுங்கள், காலையில் நீங்கள் வரும்வரை காரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று. நீங்கள் போய்ச் சேரும்போது பொனட் சுட்டால் அன்றைக்கு விலை பேசாமல், இன்னொரு நாள் சொல்லாமல் போய்ப் பாருங்கள். ஜப்பானில் கார் ஏலம் போனபோது கொடுத்த ஏலத் தாளையும், சேசி இலக்கத்தையும், சர்விஸ் பதிவுகளையும் படம் எடுத்து அனுப்பினால் ஓடோமீற்றரோடு பொருந்துகிறதா என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.